முத்துக்குளித்தல்: மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கியவர்களின் வரலாறு

முன்னுரை

தென்காசிப் பக்கத்தில் "குளிக்கப் போகிறோம்" என்றால் அது குற்றாலம்தான். ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழத் தொடங்கினால் ஊர் முழுக்க அருவிக்குக் குளிக்க வருபவர்களின் கூட்டம். அதே சொல்லைத் தூத்துக்குடிக் கடற்கரையில் சொன்னால் பொருள் வேறு. அங்கே குளிப்பு என்பது தொழில். கடலின் அடிவரை மூழ்கி முத்துச் சிப்பியும் சங்கும் எடுப்பவரைக் 'குளியாள்' என்றார்கள். முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்ற சொற்களில் குளி என்ற வினைக்கு உள்ளே புகுதல், மூழ்குதல் என்ற பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இரண்டு குளிப்புகளுக்கும் இடையே ஒரு நீர்வழியும் உண்டு. குற்றாலத்து அருவிநீர் சிற்றாறாகி, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. வகுப்பில் "அருவித் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது?" என்று கேட்டால் பிள்ளைகள் "கடலுக்கு" என்று உடனே சொல்வார்கள். "அந்தக் கடலுக்கு என்ன பெருமை?" என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகும். இத்தனைக்கும் 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும்வரை அருவியும் முத்துக்கடலும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. தென்காசி தனி மாவட்டமானது 2019-இல்.

இன்று ஸ்கூபா, ஸ்நோர்கெலிங் என்ற பெயர்களில் கடலுக்குள் இறங்கிப் பார்ப்பது சுற்றுலாவாக வளர்ந்துவிட்டது. அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும் போய் வந்த இளைஞர்கள் நீருக்கடியில் எடுத்த படங்களைக் காட்டுகிறார்கள். கருவி எதுவும் இல்லாமல், ஒரே மூச்சில், நம் கடலில் மூழ்கியவர்களின் வரலாறு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அந்த வரலாற்றில் மூழ்கியவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியை முன்வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முத்தும் பாரும்

சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்பது நம் நாட்டின் பழைய நம்பிக்கை. உண்மையில் முத்து என்பது சிப்பியின் தற்காப்பு. சிப்பியின் உடலுக்குள் ஓர் ஒட்டுண்ணியோ வேறு அன்னியப் பொருளோ புகுந்துவிட்டால், ஓட்டின் உட்புறத்தில் பூசும் அதே பளபளப்பான பொருளைச் சிப்பி அதன்மேலும் அடுக்கடுக்காகப் பூசுகிறது. அந்த அடுக்குகள் சேர்ந்து முத்தாகின்றன. மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பியை அறிவியலாளர்கள் 'பிங்க்டாடா ஃபுகாட்டா' என்று அழைக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள சிறிய சிப்பி அது.

இச்சிப்பிகள் கடலடியில் உள்ள பாறைத் திட்டுகளில் கூட்டமாக ஒட்டி வாழும். அத்திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது. கரையிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில், சுமார் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இப்பார்கள் உள்ளன. எல்லாச் சிப்பியிலும் முத்து இருக்காது. நூற்றுக்கணக்கான சிப்பிகளைத் திறந்தாலும் விலைபோகும் முத்து ஒன்றிரண்டுதான் கிடைக்கும். ஆகவே முத்துக்குளித்தல் என்பது கோடிக்கணக்கில் சிப்பிகளை அள்ளும் தொழிலாகவே எப்போதும் இருந்தது.

பார்களில் சிப்பி எல்லா ஆண்டும் விளைவதில்லை. சில ஆண்டுகள் நிறைந்திருக்கும். பிறகு பத்து, இருபது ஆண்டுகள் ஒன்றுமே இராது. விளைந்த ஆண்டில் அரசு அறிவிப்பு செய்து நடத்தும் குளிப்புக்கு 'முத்துச் சலாபம்' என்று பெயர். காற்று அடங்கிக் கடல் தெளிந்திருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களே சலாபத்தின் காலம்.

கொற்கை

பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. தாமிரபரணியின் முகத்துவாரத்தில் அன்று கடலை ஒட்டி இருந்த ஊர், ஆறு கொண்டுவந்த வண்டலால் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இராபர்ட் கால்டுவெல் இங்கு அகழ்ந்து பார்த்தார். 1968–69-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அங்குக் கிடைத்த கரியின் காலம் கி.மு. 785-ஐ ஒட்டியது எனக் கதிரியக்கக் கரிமப் பகுப்பாய்வு காட்டியது.

சங்க நூல்களில் அகநானூறும் மதுரைக்காஞ்சியும் கொற்கை முத்தைப் பேசுகின்றன. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் முத்து வகைகளை வரிசைப்படுத்தும்போது தாமிரபரணி முத்தையும் பாண்டிய நாட்டு முத்தையும் சேர்க்கிறது. சிலப்பதிகாரத்தில் வழக்கே முத்தை வைத்துத்தான் தீர்கிறது. பாண்டிமாதேவியின் சிலம்பின் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பின் பரல் மாணிக்கம். உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது பாண்டியன் தவறு வெளிப்பட்டது. பாண்டியர் அரண்மனைக்கு முத்து எவ்வளவு இயல்பான பொருள் என்பதை இதிலிருந்து அறியலாம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' என்ற வழிகாட்டி நூல், கொற்கையைக் 'கொல்கொய்' என்று குறிக்கிறது. பாண்டிய மன்னனுக்கு உட்பட்ட இந்த இடத்தில் முத்துக்குளித்தல் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டதாக அந்நூல் கூறுகிறது. இந்த ஒரு குறிப்பை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நம் முத்தின் புகழைப் பாடும் நூல்கள் பல. அதை எடுத்தவர் யார் என்று சொல்லும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, அவர்கள் கைதிகள் என்கிறது. எல்லாக் குளியாட்களும் அப்படி இருந்தார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் தானாக விரும்பி யாரும் எளிதில் இறங்காத வேலை என்பதற்கு இது சான்று.

அதே நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த பிளினி, இந்தியா, சீனா, அரேபியா ஆகிய நாடுகளுக்கு ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் நாணயம் போய்விடுகிறது என்று வருந்தி எழுதினார். முத்தும் அந்த ஆடம்பரப் பொருள்களில் ஒன்று.

மார்க்கோ போலோ கண்டது

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் விரிவாக விவரித்திருக்கிறார். ஏப்ரல் தொடங்கி மே மாதத்தின் நடுப்பகுதிவரை குளிப்பு நடந்தது. வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து ஆட்களைக் கூலிக்கு அமர்த்தினர். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு. சுறா முதலிய பெரிய மீன்கள் குளியாட்களைத் தாக்காமல் மந்திரத்தால் கட்டிப் போடுபவருக்கு இருபதில் ஒரு பங்கு.

மீனைக் கட்டும் இந்த மந்திரக்காரரைப் பிற்காலத்தில் 'கடல்கட்டி' என்று அழைத்தனர். மார்க்கோ போலோ சொல்லும் ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. பகலில் போட்ட கட்டை மந்திரக்காரர் இரவில் அவிழ்த்துவிடுவாராம். இரவில் யாரும் திருட்டுத்தனமாக மூழ்கிச் சிப்பி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. ஆக, அந்த மந்திரம் பகலில் குளியாளுக்குத் துணிவு தந்தது. இரவில் முத்துக்கு உரிமை கொண்டவரின் பொருளைக் காத்தது. மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும், அது யாருக்குப் பயன்பட்டது என்பது தெளிவாகவே தெரிகிறது.

கடற்கரைக்காக நடந்த போட்டி

பாண்டியப் பேரரசு சரிந்த பிறகு பாண்டியரின் ஒரு கிளையினர் தென்காசியில் இருந்து ஆண்டனர். தென்காசி காசி விசுவநாதர் கோயில் 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பியது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் அந்தக் கோபுரத்து மன்னர்களுக்குப் பழைய பாண்டியரின் வலிமை இல்லை. தாமிரபரணிக் கரைக்காக ஒரு பக்கம் வேணாடு, மறுபக்கம் விஜயநகரம் என்று போட்டி நடந்தது. 1532-இல் விஜயநகர மன்னர் அச்சுதராயரின் படை தாமிரபரணிவரை வந்து வேணாட்டை அடக்கியது. பாண்டியர் மீண்டும் தம் நிலையைப் பெற்றனர். தாமிரபரணிக் கரை கைக்கு வந்தால் அதன் முகத்திலுள்ள முத்துக் கடற்கரையும் கைக்கு வரும் என்பதை மறக்கக் கூடாது.

அதே பத்தாண்டில் கடற்கரையில் இன்னொரு பெரிய மாற்றம் நடந்தது. முத்துக்குளிப்பில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டிருந்த பரதவர்கள், தங்கள் கடல் உரிமைக்கு நேர்ந்த நெருக்கடியில் கொச்சியில் இருந்த போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டனர். 1530-களின் நடுவில் அவர்கள் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவினர். 1542-இல் இந்தியா வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கடற்கரை ஊர்களில் பணிசெய்தார். கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் இத்தொழிலிலும் முத்து வணிகத்திலும் நெடுங்காலமாக இருந்தவர்கள். முத்துக்கடல் எந்த ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை.

பாதுகாப்பு இலவசமாகக் கிடைக்கவில்லை. சலாபத்தின் வருவாயில் போர்த்துக்கீசியர் பங்கு கேட்டனர். 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு மாறியது, அவர்களும் கேட்டனர். உள்நாட்டில் மதுரை நாயக்கரும் இராமநாதபுரம் சேதுபதியும் தத்தம் உரிமையை விடவில்லை. ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கும், 'பாண்டியபதி' எனப்பட்ட பரதவ சமூகத் தலைவருக்கும் தனி உரிமைகள் இருந்தன. இப்பங்குகளைக் கணக்கிட்ட முறை வேடிக்கையானது. 'இன்னாருக்கு இத்தனை கல்' என்று கணக்கிட்டார்கள். குளியாள் காலில் மாட்டிக்கொண்டு மூழ்கும் கல்தான் அது. ஒரு கல்லில் எடுக்கப்படும் சிப்பி எல்லாம் அக்கல்லுக்கு உரியவருக்குச் சேரும். கல்லுக்கு உரியவரின் பெயரும் பட்டமும் ஏட்டில் ஏறின. அந்தக் கல்லோடு ஆழத்துக்குப் போனவரின் பெயர் ஏறவில்லை.

மூழ்கும் முறை

சலாபம் நடந்த நாட்களில் நள்ளிரவுக்குப் பின், நிலக்காற்று கடலை நோக்கி வீசத் தொடங்கியதும் தோணிகள் பாய் விரித்துப் புறப்படும். விடியும்போது பாரை அடையும். ஒரு தோணியில் பத்துக் குளியாட்கள் என்றால் ஐந்து கற்கள் இருக்கும். ஒருவர் மூழ்கும்போது இன்னொருவர் இளைப்பாறுவார். ஒவ்வொருவருக்கும் தோணியில் கயிறு பிடிக்க ஓர் ஆள் உண்டு.

கல் சுமார் 15 முதல் 20 கிலோ எடை. கல்லைக் கட்டிய கயிற்றில் காலை மாட்டி, ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறுகையால் கயிற்றைப் பற்றிக் குளியாள் மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துச் சைகை காட்டுவார். கயிற்றைத் தளர்த்தியதும் கல் அவரை நேராக அடிக்குக் கொண்டுபோகும். தரையைத் தொட்டதும் காலை விடுவித்துக்கொள்வார். கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். கழுத்தில் தொங்கும் வலைப்பையில் எட்டிய சிப்பிகளை எல்லாம் பெயர்த்துப் போடுவார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் வேகமாக இழுத்துக்கொள்வார். இவ்வளவும் சுமார் 50 முதல் 80 நொடிகளுக்குள். ஒரு நாளில் இப்படி நாற்பது, ஐம்பது முறை. நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் தோணிகள் கரை திரும்பும். அரபு நாடுகளில் இருந்து வந்த குளியாட்கள் மூக்கில் கொம்பால் செய்த கவ்வி மாட்டிக்கொள்வார்கள். நம்மவர்களுக்குக் கைதான் கவ்வி.

கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பார் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தங்கையின் தாலிக்காக அவர் கயிற்றை விடமாட்டார் என்பது அதன் கருத்து. எல்லாத் தோணியிலும் அப்படி நடந்ததோ இல்லையோ, இப்படி ஒரு பேச்சு ஏற்பட்டதே அந்தத் தொழிலின் ஆபத்தைச் சொல்லும்.

ஆபத்து சுறாவிடமிருந்து மட்டும் வரவில்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். 20 மீட்டரில் உடலின்மேல் மூன்று மடங்கு அழுத்தம். மேலே 6 லிட்டர் இருந்த நுரையீரல் காற்று அங்கே 2 லிட்டராகச் சுருங்கும். செவிப்பறை உள்நோக்கி அழுத்தப்பட்டு வலிக்கும். சில வேளை கிழிந்துவிடும். குளியாட்களுக்குக் காதிலும் மூக்கிலும் இரத்தம் வருவது அபூர்வமல்ல.

ஆங்கிலேயர் காலம்

1796-இல் இலங்கையின் டச்சுப் பகுதிகள் ஆங்கிலேயர் வசமாயின. தூத்துக்குடியும் இடையில் கைமாறி, 1825-இல் முற்றாக அவர்களிடம் வந்தது. வளைகுடாவின் இரு கரைப் பார்களும் ஒரே ஆட்சியின் கீழ் வந்தன. இலங்கைக் கரையில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களில் சலாபம் நடக்கும்போது ஆளில்லாத மணல்வெளியில் ஒரு நகரமே முளைக்கும். தோணிக்காரர், வணிகர், கடைக்காரர், காவலர், மருத்துவர் எனப் பல்லாயிரம் பேர் கூடுவர். தூத்துக்குடி, கீழக்கரைக் குளியாட்கள் அங்கும் சென்றனர்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் இருந்த பங்கீட்டு முறை இது. கரைக்கு வந்த சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பர். இரண்டு குவியல் அரசுக்கு. ஒன்று தோணிக்கு. அந்த ஒரு குவியலில் தோணி உரிமையாளர், கயிறு பிடித்தவர் ஆகியோருக்கும் பங்கு உண்டு. அரசின் சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்படும். திறக்காத சிப்பியை ஏலம் எடுப்பது சூதாட்டம் போன்றது. ஒரே நாளில் செல்வரானவரும் உண்டு, முதலை இழந்தவரும் உண்டு. குளியாள் தம் பங்குச் சிப்பிகளைப் பெரும்பாலும் வாசலிலேயே சிறு வியாபாரிகளுக்கு விற்றுவிடுவார். அன்றைய சோற்றுக்கு அன்றே காசு வேண்டுமே! ஆகவே தாம் எடுத்த சிப்பிக்குள் என்ன இருந்தது என்பதே பல குளியாட்களுக்குத் தெரியாது.

வாங்கிய சிப்பிகளைத் தொட்டிகளிலும் மரக்கலங்களிலும் போட்டு அழுகவிடுவர். தசை அழுகிக் கரைந்த பிறகு கழுவி, அடியில் தங்கும் முத்துகளைப் பொறுக்குவர். அந்த நாற்றமும் ஈக்கூட்டமும் பல மைல் தூரத்துக்கு எட்டின. காலரா அச்சம் எப்போதும் இருந்தது.

1889-இல் நடந்த தூத்துக்குடிச் சலாபத்தைச் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் கண்டு எழுதினார். இலங்கைப் பார்களை டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன் ஆராய்ந்து 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். அவருக்குத் துணையாக வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றி, நம் கரையின் சங்கு, முத்துக் குளிப்புகள் பற்றி விரிவான நூல்கள் எழுதினார்.

1905-இல் இலங்கைச் சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த வருவாயைக் கண்டு, 1906-இல் ஒரு தனியார் நிறுவனம் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளிலேயே பார்கள் வெறுமையாயின, நிறுவனமும் கலைந்தது.

பார்கள் ஏன் வெறுமையாயின?

இதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. திருக்கை முதலிய மீன்கள் சிப்பியைத் தின்கின்றன. நட்சத்திர மீனும், ஓட்டைத் துளைக்கும் நத்தையும் கடற்பஞ்சும் அழிக்கின்றன. நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து இளஞ்சிப்பிகளை மூடிவிடுகிறது. அல்லது மிதக்கும் குஞ்சுகளைப் பாரில் ஒட்டவிடாமல் வேறெங்கோ அடித்துச் செல்கிறது. இவையெல்லாம் இயற்கை. இவற்றோடு, விளைந்த ஆண்டில் அளவில்லாமல் அள்ளியதும் சேர்ந்தது.

விடுதலைக்குப் பின் 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் தொடர்ந்து சலாபங்கள் நடந்தன. 1961-இல் நடந்ததே கடைசி. அதன்பின் நம் கரையில் பெரிய அளவில் முத்துச் சலாபம் நடக்கவில்லை. ஜப்பானில் 1893-இல் மிக்கிமோட்டோ கோகிச்சி வளர்ப்பு முத்தை உருவாக்கியதிலிருந்தே இயற்கை முத்தின் சந்தை மாறத் தொடங்கியிருந்தது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமியும் குழுவினரும் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் நம் சிப்பியிலிருந்தே வளர்ப்பு முத்தை வெற்றிகரமாக எடுத்தனர். 1981-இல் சிப்பிக் குஞ்சு பொரிக்கும் முறையும் கைகூடியது. முத்துக்காக உயிரைப் பணயம் வைக்கும் தேவை அறிவியலால் முடிவுக்கு வந்தது.

ஒரு மூச்சிலிருந்து காற்றுக் குழாய்க்கு

முத்து போனாலும் சங்கு இருந்தது. வங்காளத்தில் மணமான பெண்கள் அணியும் சங்கு வளையலுக்கு மன்னார் வளைகுடாச் சங்கு நூற்றாண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறது. சங்குகுளித்தலில் கல் போய் முகக் கண்ணாடியும் துடுப்புக் காலணியும் வந்தன. பிறகு தோணியில் கம்பிரசர் வைத்து, நீண்ட குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டே அடியில் வேலை செய்யும் முறை வந்தது.

இங்கே ஒரு புதிய ஆபத்து நுழைந்தது. ஒரு மூச்சில் மூழ்கும் குளியாள் ஒரு நிமிடத்தில் மேலே வந்துவிடுவார். குழாயில் காற்று வந்துகொண்டே இருந்தால் ஒரு மணி நேரமும் அடியில் இருக்கலாம். அப்போது அழுத்தத்தில் உள்ள காற்றின் நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. திடீரென்று மேலே வந்தால், சோடா புட்டியைத் திறந்தாற்போல அது குமிழிகளாக வெளிப்படும். மூட்டுவலி, கைகால் செயலிழப்பு, சில வேளை மரணம் என்று இது முடியும். முறையான பயிற்சியும் ஆழமானியும் இன்றிக் குழாயை மட்டும் நம்பி இறங்கும் தொழிலாளிக்கு இது பெரிய அபாயம். கருவி மாறியபோதும் ஆபத்தை ஏற்றவர் மாறவில்லை.

ஸ்கூபா என்பது காற்றை உருளையில் அடைத்து முதுகில் சுமந்து செல்லும் முறை. 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோ, எமில் காஞ்ஞான் இருவரும் உருவாக்கிய 'அக்வாலங்' இதற்கு வழிகாட்டியது. அடுத்த இருபது ஆண்டுகளில் தூத்துக்குடியில் கடல் ஆராய்ச்சியாளர்கள் இக்கருவியோடு மூழ்கிப் பார்களின் நிலையை நேரில் ஆராயத் தொடங்கினர். முத்துக்குளிப்பின் முதல் விதி மூச்சை அடக்கு என்பது. ஸ்கூபாவின் முதல் விதி மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. அழுத்தக் காற்றைச் சுவாசித்தவர் மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும்.

இன்று கடலுக்குள் இறங்க விரும்புவோர்க்கு

ஸ்நோர்கெலிங் என்பது முகக் கண்ணாடியும் மூச்சுக் குழலும் அணிந்து நீர்மட்டத்தில் மிதந்தபடி கீழே பார்ப்பது. ஆழம் குறைந்த பவளப்பாறைகளுக்கு இதுவே போதும். ஸ்கூபாவுக்குப் பயிற்றுநர் கட்டாயம். நீச்சல் தெரியாதவரையும் பயிற்றுநர் கையைப் பிடித்து 10 மீட்டர் அளவில் அழைத்துச் செல்லும் அறிமுக மூழ்கல்கள் உண்டு. ஆஸ்துமா, இதயநோய், காதுக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இறங்க வேண்டும். மூழ்கிய பிறகு விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் செல்வது அந்தமான். 2018-இல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாறிய ஹேவ்லாக், சாகித் தீவு எனப் பெயர் மாறிய நீல் ஆகிய இரண்டிலும் ஸ்கூபா பயிற்சி நிலையங்கள் உள்ளன. வண்டூரை ஒட்டிய மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் ஸ்நோர்கெலிங் செய்யலாம். நவம்பர் முதல் ஏப்ரல்வரை நல்ல காலம். இலட்சத்தீவின் கட்மத், பங்காரம் தீவுகளும் புகழ்பெற்றவை. அங்குச் செல்ல முன் அனுமதி வேண்டும். இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு ஸ்நோர்கெலிங்குக்கு ஏற்றது. அங்கே மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். புதுச்சேரியிலும் கோவளத்திலும் ஸ்கூபா பயிற்சி கிடைக்கிறது.

மன்னார் வளைகுடாவின் நிலை வேறு. இங்குள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டர் கடலும் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாயின. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தீவுகளில் அனுமதியின்றி இறங்க முடியாது. வனத்துறை ஏற்பாட்டில் சில இடங்களில் கண்ணாடி அடித்தளப் படகில் இருந்தபடி பவளப்பாறைகளைப் பார்க்கலாம். இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டியெடுத்ததால் தீவுகளின் அரண் போயிற்று. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. கடல் சூடேறி 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தன. 2001-இல் பவளம், கடற்குதிரை, கடலட்டை ஆகியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. தூத்துக்குடிக்கு எதிரே தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்கச் செயற்கைத் திட்டுகள் கடலில் இறக்கப்பட்டுள்ளன.

முடிவுரை

முத்துக்குளிப்பின் வரலாற்றில் இருவருக்குக் கணக்கு எழுதப்படவே இல்லை. ஒருவர் குளியாள், இன்னொன்று கடல். மன்னனின் பத்தில் ஒரு பங்கு தெரியும். மந்திரக்காரரின் இருபதில் ஒரு பங்கு தெரியும். அரசின் மூன்றில் இரு பங்கு தெரியும். காது கிழிந்தவர் எத்தனை பேர், கயிறு அசையாமலே போனவர் எத்தனை பேர் என்று எந்த ஏடும் சொல்லவில்லை. பாரில் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்றும் எவரும் எழுதி வைக்கவில்லை.

இனிக் கடலுக்குள் இறங்கும் மாணவர்கள் இரண்டு செயல்களைச் செய்யலாம். பவளத்தைத் தொடாமலும் மிதிக்காமலும், சிப்பி ஒன்றையும் எடுக்காமலும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் போனால், முத்தோ சங்கோ குளித்த முதியவர் யாரேனும் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்கலாம். 1961-இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. ஏட்டில் ஏறாத பெயர்களை ஏற்றுவதற்கு இன்னும் கொஞ்ச காலமே இருக்கிறது.